இரத்தத்தின் கதை – 17: உடையும் அணு, உடையாத அணு

சிவப்பணுக்களை எண்ணக் கற்றுக்கொண்ட காலத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். எண்ணத் தெரிந்த பிறகு எழுந்த கேள்வி அதைவிடக் கடினமானது. ஒருவருக்கு அணுக்கள் குறைந்துபோயின என்றால், அவை குறைவாகப் பிறக்கின்றனவா, அல்லது பிறந்தவை சீக்கிரம் அழிகின்றனவா? எண்ணிக்கை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. பதிலை முதலில் சொன்னவை ஒரு வரிசைச் சோதனைக் குழாய்களும் கொஞ்சம் உப்பும்தான்.

1900-ஆம் ஆண்டு ஜெர்மானிய உள்மருத்துவர்களின் மாநாட்டில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசினார். கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு வருவதை 1889-இல் ஃபான் மேரிங்குடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் இவர். இம்முறை அவர் கொண்டுவந்தது நாயை அல்ல, மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த எட்டு மனிதர்களின் வரலாற்றை. எட்டுப் பேருக்கும் நீங்காத மஞ்சள் காமாலை, பருத்த மண்ணீரல். விநோதம் என்னவென்றால், சாதாரணக் காமாலையில் சிறுநீர் பித்தம் கலந்து கறுத்துப்போகும். இவர்களுடைய சிறுநீரிலோ பித்த நிறமி இல்லை. மலம் வெளுக்கவில்லை. தோலில் அரிப்பு இல்லை. கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் வழி திறந்தே இருந்தது. ஆனாலும் கண் மஞ்சள்.

இவர்களைப் போன்றவர்களை மருத்துவ உலகம் அதற்கு முன்பே சந்தித்திருந்தது. 1871-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் வான்லேர், மாசியூஸ் என்ற இருவர், காமாலையும் மண்ணீரல் வீக்கமும் கொண்ட ஓர் இளம்பெண்ணின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான தட்டையான அணுக்களுக்கு நடுவே சிறிய, உருண்டையான அணுக்கள் நிறைய இருந்தன. அவளுடைய சகோதரிக்கும் அதே உபாதை. நல்ல கண்கள் பார்த்த நல்ல அவதானிப்பு அது. ஆனால் அதை ஏற்று முன்னெடுக்க யாரும் வரவில்லை, கட்டுரை அலமாரியில் உறங்கிப்போனது. 1890-இல் இங்கிலாந்தின் கிளாட் வில்சன், பரம்பரையாக வரும் மண்ணீரல் வீக்கம் என்று ஒரு குடும்பத்தைப் பதிவு செய்தார். அதுவும் ஒரு குறிப்பாகவே நின்றது. மூன்று நாடுகளின் மருத்துவர்கள் ஒரே நோயைப் பார்த்தும் நோய் எங்கே இருக்கிறது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கல்லீரலா, மண்ணீரலா, இரத்தமா? அதைச் சொல்லும் கருவி மருத்துவமனைக்கு வந்துசேரவில்லை. அது அப்போது தாவரவியல் கூடத்திலும் உடலியல் கூடத்திலும் வளர்ந்துகொண்டிருந்தது.

கருவியின் தொடக்கத்தைத் தேடினால் 18-ஆம் நூற்றாண்டு லண்டனுக்குப் போக வேண்டும். வில்லியம் ஹியூசன் என்ற இளம் உடற்கூறியலாளர் 1773-இல் ராயல் சொசைட்டியின் இதழில் சிவப்பணுக்களைப் பற்றி எழுதினார். அன்றுவரை அவற்றை உருண்டை என்றே பலரும் நம்பியிருந்தார்கள். அவை தட்டை என்று ஹியூசன் சொன்னார். நம்பிக்கை பிழைத்ததற்கான காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். இரத்தத்தில் வெறும் தண்ணீரைக் கலந்து பார்க்கும்போது தட்டையான அணு உப்பி உருண்டையாகிறது, பிறகு கரைந்து மறைந்துவிடுகிறது. இரத்த நீரிலோ, அளவோடு உப்பிட்ட நீரிலோ கலந்தால் தன் வடிவத்தைக் காத்துக்கொள்கிறது. உப்பு மிகுந்தால் சுருங்குகிறது. நம் கதையின் முழு விஷயமும் இந்தச் சில வரிகளுக்குள் அடங்கியிருந்தது. ஹியூசன் அதைத் தொடர வாழவில்லை. மறு ஆண்டே, பிணப் பரிசோதனையில் பட்ட காயம் சீழ்ப்பிடித்து, 34 வயதில் இறந்துபோனார்.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1880-களில் ஆம்ஸ்டர்டாமில் ஹியூகோ டி விரீஸ் இலைகளின் செல்களை வெவ்வேறு உப்புக் கரைசல்களில் வைத்துப் பார்த்தார். கரைசல் செறிவாக இருந்தால் செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறி, உள்ளுடல் சுவரைவிட்டுப் பிரிகிறது. எந்தச் செறிவில் பிரிவு தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு உப்புக்கும் அளந்து, உப்புகளின் நீரிழுக்கும் வலிமையை ஒப்பிட்டார். இது தாவரத்துக்கு மட்டும் உரிய விதியா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் உட்ரெக்ட் நகரின் ஹார்டோக் யாகோப் ஹாம்பர்கர். வேதியியல் படித்து உடலியலுக்கு வந்தவர். டோண்டர்ஸ் என்ற புகழ்பெற்ற உடலியலாளரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.

ஹாம்பர்கர் செய்தது மிக எளிது. உறைநார் நீக்கிய இரத்தத்தில் சில சொட்டுகளை, செறிவு சிறிது சிறிதாகக் குறையும் உப்புக் கரைசல்களின் வரிசையில் விட்டார். செறிவான கரைசல்களில் அணுக்கள் அடியில் படிந்தன, மேலே நீர் தெளிந்து நின்றது. செறிவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மேல்நீர் இளஞ்சிவப்பாயிற்று. அணுக்கள் உடைந்து அவற்றின் ஹீமோகுளோபின் வெளியே கலந்துவிட்டது என்று அதற்குப் பொருள். எந்த உப்பை எடுத்தாலும் அந்த எல்லைகள் ஒன்றுக்கொன்று நின்ற விகிதம், டி விரீஸ் இலைகளில் கண்ட விகிதத்தோடு பொருந்தியது. இலையின் செல்லும் விலங்கின் இரத்த அணுவும் நீரின் முன்னால் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருந்தன. வான்ட் ஹோஃப் தன்னுடைய சவ்வூடு அழுத்தக் கோட்பாட்டை 1887-இல் வெளியிட்டபோது இந்த இரண்டு ஆய்வுகளையும் சான்றாகக் காட்டினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குப் போனது.

தவளை இரத்தத்துக்குப் பொருத்தமான 0.6 சதவீத உப்பு நீரையே அதுவரை எல்லா ஆய்வுக்கும் பயன்படுத்திவந்தார்கள். மனித இரத்தத்துக்கு ஈடானது ஏறக்குறைய 0.9 சதவீதம் என்று ஹாம்பர்கர் கணித்தார். இன்று எந்த மருத்துவமனையிலும் கட்டில் அருகே தொங்கும் ‘நார்மல் சலைன்’ புட்டியில் எழுதியிருக்கும் 0.9 என்ற எண்ணுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். உயிர் காக்கும் அந்தப் புட்டியைத் தெரிந்த உலகத்துக்கு அவர் பெயர் தெரியாது. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஹாம்பர்கர் அளந்தது நலமான இரத்தத்தின் எல்லையை. நோயுற்றவர் இரத்தத்தில் அந்த எல்லை நகருமா என்று பார்க்கும் எண்ணம் இயல்பாகவே மருத்துவர்களுக்கு வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவர்கள் இதில் முனைந்திருந்தார்கள். பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தாக்குப்பிடிக்கின்றன, மிக நீர்த்த கரைசலில்தான் உடைகின்றன என்று கண்டார்கள். ஆகவே காமாலை என்றால் அணு உறுதிப்படும் என்பது எதிர்பார்ப்பாக நிலைத்தது.

1907-இல் அனத்தோல் ஷோஃபார் பிறவிக் காமாலை நோயாளிகளின் இரத்தத்தைக் குழாய்களில் விட்டபோது அந்த எதிர்பார்ப்பு தலைகீழானது. நலமான இரத்தம் 0.45 சதவீதத்தை ஒட்டித்தான் சிவக்கத் தொடங்கும். இந்த நோயாளிகளின் இரத்தம் அதற்கு வெகு முன்பே, நலமானவரின் அணு சிறிதும் கலங்காத கரைசலிலேயே சிவந்தது. குழாய்களை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலே வேறுபாடு தெரியும். மின்கோவ்ஸ்கியின் குடும்பத்தில் நோய் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அந்தச் சிவப்பு பதில் சொல்லிவிட்டது. கல்லீரலில் குறையில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன; உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பிறக்கும் மஞ்சள் நிறமியைக் கல்லீரலால் முழுதும் வெளியேற்ற முடியவில்லை; அதனால் கண் மஞ்சளாகிறது. அதே நோயாளிகளின் இரத்தத்தில், சிறப்புச் சாயமிட்டால் துகள் துகளாகத் தெரியும் இளம் சிவப்பணுக்கள் மிகுதியாக இருப்பதையும் ஷோஃபார் கண்டார். உடைவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டிருந்ததற்கு அது சாட்சி. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கமும் விடை கிடைத்தது: இவர்களுக்கு அணுக்கள் குறைவாகப் பிறக்கவில்லை, சீக்கிரம் அழிகின்றன. இந்த நோய் நெடுங்காலம் மின்கோவ்ஸ்கி–ஷோஃபார் நோய் என்றே வழங்கிவந்தது. இன்றைய பெயர் ஹெரிடிட்டரி ஸ்பீரோசைட்டோசிஸ், பரம்பரை உருண்டையணு நோய்.

அதே ஆண்டுகளில் பாரிஸின் ஃபெர்னான் விடாலும் அவருடைய சகாக்களும் பிறவியில் இல்லாமல் பின்னாளில் வரும் இதே போன்ற காமாலையை விவரித்தார்கள். ஜார்ஜ் ஹாயெம் அதை 1898-லேயே தொட்டிருந்தார். அந்த நோயாளிகளில் சிலருக்கும் அணுக்கள் எளிதில் உடைந்தன. இந்தச் சேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது சிக்கலைக் கொண்டுவரும்.

இங்கே ஓர் அறுவைச் சிகிச்சையைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஷோஃபாருக்கு இருபது ஆண்டுகள் முன்னால், 1887-இல், லண்டனின் சர் ஸ்பென்சர் வெல்ஸ் 27 வயதுப் பெண் ஒருவருக்கு வயிற்றில் இருந்த பெரிய கட்டியை அகற்றினார். கருப்பைக் கட்டி என்று எண்ணித் திறந்தவருக்குக் கிடைத்தது பருத்த மண்ணீரல். அதை எடுத்துவிட்டார். சிறுவயதிலிருந்து வந்து வந்து போன காமாலை அந்தப் பெண்ணைவிட்டு நிரந்தரமாக அகன்றது. ஏன் அகன்றது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே பெண்ணின் இரத்தத்தை டாசன் பிரபு உப்புக் கரைசலில் சோதித்தார். அணுக்கள் அப்போதும் எளிதில் உடைந்தன. 1931-இல் தன் சொற்பொழிவில் அவர் இதை வெளியிட்டார். இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. மண்ணீரல் போய் நாற்பது ஆண்டானாலும் அணுவின் குறை போகவில்லை, ஆனால் நோய் போய்விட்டது. அப்படியானால் குறை அணுவில், கொலை மண்ணீரலில்.

ஆனால் அந்தக் குறைதான் என்ன? இங்கே மருத்துவம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தவறான வழியில் நின்றது என்று நான் கருதுகிறேன். எளிதில் உடைகிறது, ஆகவே சவ்வு நைந்தது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1919-இல் சுவிட்சர்லாந்தின் நேகெலி இந்த நோயின் உருண்டை அணுக்களுக்கு மீண்டும் கவனம் பெற்றுத்தந்தார். லியேஜ் மருத்துவர்கள் கண்டதுதான், ஆனால் இம்முறை உலகம் கேட்டது. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ரஸ்ஸல் ஹேடன் அணுக்களின் விட்டத்தையும் தடிமனையும் அளந்து, உடைவதற்குக் காரணம் வடிவமே என்று வாதிட்டார். 1937-இல் பாஸ்டனின் காசிலும் டாலண்டும் அதைச் சோதனையால் நிறுவினார்கள்.

கணக்கு இதுதான். நலமான சிவப்பணுவின் கொள்ளளவு சுமார் 90 ஃபெம்டோ லிட்டர். அதைச் சுற்றியுள்ள சவ்வின் பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். அதே கொள்ளளவை உருண்டையாக மூடுவதற்கு 97 சதுர மைக்ரான் சவ்வு போதும். மீதி அத்தனையும் உபரி. முழுக்க நிரப்பாத நெல்மூட்டையை எப்படியும் வளைத்து எந்த மூலையிலும் திணிக்கலாம், இன்னும் சில படி நெல்லும் போடலாம்; பிதுங்கப் பிதுங்க நிரப்பித் தைத்த மூட்டையில் ஒரு பிடி கூடச் சேராது. சிவப்பணுவும் அவ்வாறே. உபரிச் சவ்வு உள்ளவரை உள்ளே வரும் நீரை வாங்கிக்கொண்டு உப்பும். முழு உருண்டையான பிறகு வரும் நீர் அதை உடைக்கும். சவ்வை ஏற்கெனவே இழந்து உருண்டையாகிவிட்ட அணுவுக்குத் தாங்குவதற்கு இடமே இல்லை. ஆகவே குழாய்களின் வரிசை அளந்தது சவ்வின் பலத்தை அல்ல, பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவை. நாற்பது காசு உப்பை வைத்துக்கொண்டு ஒரு நுண்ணிய வடிவியல் அளவை எடுத்திருக்கிறார்கள் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இந்த வடிவம் மண்ணீரலில் ஏன் உயிருக்கு உலைவைக்கிறது? மண்ணீரலின் நுண்ணிய இடுக்குகள் அணுவைவிடக் குறுகியவை. நெளியத் தெரிந்த தட்டை அணு அவற்றினூடே நுழைந்து போய்விடும். உருண்டை அணு உள்ளே சிக்கித் தேங்கும். 1940-இல் தாமஸ் ஹாமும் காசிலும் நோயாளியின் இரத்தத்தைக் கிருமி படாமல் 37 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் தேக்கி வைத்தார்கள். அணுக்கள் மேலும் சவ்விழந்து இன்னும் எளிதில் உடைபவையாயின. மண்ணீரலுக்குள் நடப்பதைக் குழாய்க்குள் நடத்திப் பார்த்தது போலாயிற்று. நோய் இலேசாக இருப்பவர்களின் இரத்தம் சாதாரணச் சோதனையில் தப்பித்துவிடும். இப்படி ஒரு நாள் தேக்கி வைத்த பிறகு அகப்பட்டுவிடும். அதனால் சந்தேகமுள்ள நோயாளிக்குப் புதிய இரத்தம், தேக்கிய இரத்தம் இரண்டையும் சோதிப்பது வழக்கமாயிற்று.

போர்க்கால இங்கிலாந்தில் இதற்கு இறுதி முத்திரை விழுந்தது. 1943-இல் ஜான் டேசியும் பேட்ரிக் மாலிசனும் நலமானவரின் அணுக்களை இந்த நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். அவை நோயாளி உடலில் தம் இயல்பான ஆயுளை வாழ்ந்தன. 1946-இல் லூட்டிட்டும் மாலிசனும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: நோயாளியின் அணுக்கள் நலமானவர் உடலிலும் விரைவில் மடிந்தன. வீட்டில் குறையில்லை, குடியிருப்பவரிடம்தான் குறை என்பதில் அதன்பின் யாருக்கும் ஐயமில்லை.

சோதனையைச் செய்யும் முறையும் இதற்குள் ஒழுங்குபட்டுவிட்டது. உப்பின் செறிவு மட்டுமல்ல, அமிலத்தன்மை, வெப்பம், இரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது எல்லாமே முடிவை மாற்றும். 1947-இல் பார்ப்பார்ட் குழுவினர் கரைசலின் அமிலத்தன்மையை 7.4 என்று நிறுத்திவைக்கும் முறையை வகுத்தார்கள். டேசியின் கையேட்டின் வழியாக உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் போன முறை அதிலிருந்து வந்ததுதான். ஹெபாரின் கலந்த இரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். குழாய்களில் விட்டு அரை மணி காத்திருந்து, சுழற்றி, மேல்நீரின் சிவப்பை ஒளிமானியில் 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து வரைபடமாக்குவார்கள். பாதி அணுக்கள் உடையும் செறிவு நலமானவருக்கு 0.40-க்கும் 0.445-க்கும் இடையில் அமையும். நோயாளியின் கோடு அதற்கு ஒருபுறம் விலகும். அருகிலேயே நலமான ஒருவரின் இரத்தத்தையும் வைத்து ஒப்பிடாமல் எந்த டெக்னீஷியனும் முடிவு எழுதக் கூடாது. இவ்வளவு கவனம் கேட்கும் சோதனை என்பதாலேயே, அவசரப்படும் லேபுகளில் இது பலமுறை பொய் சொல்லியிருக்கிறது.

லேபில் பிழை நேராமல் செய்தாலும் அதன் சாட்சி ஓர் எல்லைவரைதான். விடால் சொன்ன பிற்காலக் காமாலையை நினைவில் வைக்கச் சொன்னேன். 1938-இல் பாஸ்டனில் டாமஷெக்கும் ஷ்வார்ட்ஸும் சிவப்பணுக்களுக்கு எதிரான ஊநீரைச் சீமைப் பெருச்சாளிகளுக்குச் செலுத்தினார்கள். நலமாகப் பிறந்த அந்தப் பிராணிகளின் அணுக்கள் உருண்டையாகி, உப்புக் கரைசலில் எளிதில் உடைந்தன. உடலின் எதிர்ப்பு சக்தி தன் அணுக்களையே தாக்கும்போது மனிதரிலும் இதுவே நடக்கும். குழாய் வரிசைக்குப் பரம்பரை நோயாளியும் இப்படித் தாக்கப்பட்டவரும் ஒன்றே. உருண்டை என்று சொல்லும், எப்படி உருண்டையானது என்று சொல்லாது. பரம்பரை நோய்க்கு மண்ணீரலை எடுப்பதும், எதிர்ப்பு சக்திக் கோளாறுக்கு வேறு வழி தேடுவதும் அல்லவா முறை? இந்த இரண்டையும் பிரித்துக்காட்டியது 1945-இல் வந்த கூம்ஸ் சோதனை. அதற்கு இத்தொடரில் தனி அத்தியாயம் உண்டு.

மண்ணீரலை எடுப்பதும் விலையில்லாமல் கிடைக்கும் நிவாரணம் அல்ல. 1952-இல் அமெரிக்காவில் கிங், ஷூமாக்கர் என்ற இருவர், இந்த நோய்க்காகக் கைக்குழந்தையாக இருந்தபோதே மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அதன்பின் அக்குழந்தைகளைத் தாக்கிய கடும் தொற்றுகள்தான் கட்டுரையின் பொருள். முடிந்தவரை குழந்தை வளரும்வரை காத்திருப்பதும், தடுப்பூசிகள் போட்ட பிறகே கத்தியை எடுப்பதும் அந்த எச்சரிக்கையிலிருந்து பிறந்த நெறிகள்.

சவ்வு ஏன் கழன்றுபோகிறது என்பதைக் கடைசியாகச் சொன்னது மூலக்கூறு உயிரியல். சிவப்பணுச் சவ்வுக்கு உட்புறம் ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின் முதலிய புரதங்களால் ஆன ஒரு வலை தாங்கி நிற்கிறது. அந்த வலையிலோ, அதைச் சவ்வோடு பிணைக்கும் புரதங்களிலோ பிறவிக் குறை இருந்தால் சவ்வு துணுக்குத் துணுக்காக உதிரும். 1980-களின் தொடக்கத்தில் கடுமையான உருண்டையணு நோயாளிகளிடம் ஸ்பெக்ட்ரின் குறைந்திருப்பதைக் காட்டியவர்களில் ஒருவர் பீட்டர் ஆக்ரே. அதே ஆக்ரே சிவப்பணுச் சவ்வில் வேறொரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பெயர் தெரியாத ஒரு சிறு புரதம் ஏராளமாக அகப்பட்டது. 1992-இல் அவருடைய குழு அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாக்கி, நீர்த்த கரைசலில் போட்டது. சாதாரண முட்டைகள் அசையாமல் கிடந்தன; புரதம் ஏறிய முட்டைகள் மளமளவென்று வீங்கி வெடித்தன. செல்லுக்குள் நீர் நுழையும் வாசலான அக்வாபோரின் அது. ஹியூசன் பார்த்த நீர் எந்த வழியாக அணுவுக்குள் போயிற்று என்பது 219 ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. 2003-இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

பெரிய மருத்துவமனைகளில் உருண்டையணு நோயைக் கண்டறிய இன்று வேறு முறை வந்துவிட்டது. 2000-இல் இங்கிலாந்தின் மே-ஜீன் கிங் குழுவினர், ஈ.எம்.ஏ. என்ற ஒளிரும் சாயம் சவ்வுப் புரதத்தில் எவ்வளவு ஒட்டுகிறது என்று ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சில சொட்டு இரத்தம் போதும், முடிவு அன்றைக்கே கிடைக்கும். குழாய் வரிசையை வழக்கமான சோதனையாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டி நெறிகளே சொல்லிவிட்டன. அது சரியான முடிவுதான். அந்த இயந்திரம் இருக்கும் இடத்தில்.

ஆனால் இந்தச் சோதனைக்கு இன்னொரு வாழ்வு இருக்கிறது. நம் நாட்டுக்கு அதுவே முக்கியம். இதுவரை எளிதில் உடையும் அணுவைப் பற்றியே பேசினோம். உடைய மறுக்கும் அணுவைப் பற்றிய கதை 1925-இல் இத்தாலியில் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஃபெர்ராரா நகரின் ஃபெர்னாண்டோ ரியெட்டி, இலேசான காமாலையும் இரத்தசோகையும் கொண்ட சிலரிடம் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நீர்த்த கரைசலையும் தாங்குவதைக் கண்டு எழுதினார். அதே 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் தாமஸ் கூலியும் பேர்ல் லீயும் குழந்தைகளைக் கொல்லும் கடும் இரத்தசோகை ஒன்றை விவரித்தார்கள். இரண்டும் ஒரே கொடியின் கிளைகள் என்று அப்போது யாரும் ஊகிக்கவில்லை. தாலசீமியா என்று இன்று நாம் அறியும் நோயில் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாவதில்லை. உள்ளே சரக்குக் குறைந்து சவ்வு மிகுந்து நிற்பதால் அணு மெலிந்து தட்டையாகிறது. நிறைய நீரை வாங்கிய பிறகே உடைகிறது. உடையாமல் நிற்பது இங்கே உறுதியின் அடையாளம் அல்ல, வறுமையின் அடையாளம்.

இதை நோயாளிகளைவிட்டு நலமானவர்களிடம் தேடிப் போனவர்கள் ரோமாபுரியின் எத்சியோ சில்வெஸ்த்ரோனியும் ஈதா பியாங்கோவும். ஆய்விலும் வாழ்க்கையிலும் இணைந்த தம்பதியர். போர் நடந்துகொண்டிருந்த 1943-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எந்த நோயும் இல்லாதவர்களிலும் சிலருடைய அணுக்கள் சிறியவையாகவும் உப்புக் கரைசலில் உடைய மறுப்பவையாகவும் இருப்பதைக் கண்டார்கள். அந்த நிலைக்கு மைக்ரோசிதேமியா என்று பெயரிட்டார்கள். கூலியின் நோய் கண்ட குழந்தைகளின் பெற்றோரைச் சோதித்தபோது தாய், தந்தை இருவருமே இந்த நிலையில் இருந்தார்கள். அமெரிக்காவில் வாலண்டைனும் நீலும் 1944-இல் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளைக்குத் தீங்கில்லை. இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளை பிழைப்பது அரிது.

சில்வெஸ்த்ரோனி தம்பதியர் அடுத்து எடுத்த முடிவுதான் என் கண்ணில் அவர்களை உயர்த்துகிறது. மருத்துவமனையில் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சோதனையைச் சுருக்கி எளிதாக்கி, போ ஆற்றின் கழிமுகத்து ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் எடுத்துச் சென்றார்கள். மலேரியா நெடுங்காலம் வாட்டிய அந்தச் சதுப்பு நிலத்தில் சில இடங்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்த நிலையைச் சுமந்திருந்தார்கள். 1954-இல் ரோமில் இதற்கென்றே ஒரு மையம் நிறுவினார்கள். 1975 முதல் ரோமைச் சுற்றிய லாசியோ பகுதியில் பள்ளி மாணவர்களைச் சோதித்துச் சொல்லும் திட்டம் நடந்தது. பயந்து ஒளிக்க வேண்டிய செய்தியாக இல்லாமல், திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாக அதை ஊருக்குள் கொண்டுசென்றார்கள். அணு உடைவதையும் உடையாததையும் பார்க்க அவர்கள் கையில் இருந்தது ஹாம்பர்கர் விட்டுச்சென்ற உப்பு நீர்தான்.

1981-இல் கட்டாமிஸ், எஃப்ரெமோவ், பூத்ரகுல் மூவரும் குழாய் வரிசை முழுவதையும் ஒரே குழாயாகக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். 0.36 சதவீத உப்புக் கரைசல் ஒன்றே போதும். அதை வெறும் கண்ணால் படிக்கும் வடிவம் ‘நெஸ்ட்ராஃப்ட்’ என்ற பெயரில் இந்தியாவில் 1980-களிலிருந்து பரவியது. ஒரு குழாயில் இந்தக் கரைசல் 2 மில்லி லிட்டர், இன்னொன்றில் காய்ச்சி வடித்த நீர் 2 மில்லி லிட்டர். ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோ லிட்டர் இரத்தம். அரை மணி கழித்து, கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். வடிநீர்க் குழாயில் எல்லா அணுக்களும் உடைந்திருக்கும், கோடு பளிச்சென்று தெரியும். கரைசல் குழாயிலும் கோடு தெளிவாகத் தெரிந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன, கவலையில்லை. கோடு மங்கினாலோ மறைந்தாலோ உடையாத அணுக்கள் நீரைக் கலக்கி நிற்கின்றன. அந்த நபர் தாலசீமியாவைச் சுமப்பவராக இருக்கலாம். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை போதும்.

‘இருக்கலாம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் அணுக்களும் இதேபோல் மெலிந்து உடைய மறுக்கும். இரும்புச்சத்துக் குறை பெண்களிடையே பரவலாக உள்ள நம் நாட்டில் பலருக்கு இதனாலேயே கோடு மங்கும். எனவே இந்தச் சோதனை சலித்தெடுக்கத்தான், தீர்ப்பெழுத அல்ல. கோடு மங்கியவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏ2 அளவை எச்.பி.எல்.சி. இயந்திரத்தில் பார்க்க வேண்டும். அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தாலசீமியா சுமப்பவர் என்று உறுதியாகும். அவருக்கு மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம்; அவர் நோயாளி அல்ல. தம்பதியர் இருவருமே அப்படி இருந்தால் மட்டும், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நோயோடு பிறக்க வாய்ப்புண்டு. கருவின் முதல் மூன்று மாதங்களிலேயே தெரிந்தால், கருவைச் சோதித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கும்; பிரசவம் நெருங்கிய பிறகு தெரிந்தால் அந்த அவகாசம் இருக்காது.

வீட்டில் திருமணப் பேச்சு நடந்தாலோ, மகளோ மருமகளோ கருவுற்றிருந்தாலோ, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் தாலசீமியா சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். கணவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.